கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறதா? மூளையையும் சேர்த்துப் பாருங்கள்: புதிதாகத் தெரிந்துகொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை ஆறு மணிக்கு வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது என் வேலை. ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினேழு வருடமாக இருக்கிறேன். எடுத்த ரத்தத்தை அரை மணி நேரம் உறைய விட்டு மெஷினில் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும். மேலே இளமஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். அதைத்தான் சீரம் என்கிறோம். சிலருடைய சீரம் நீராகாரம் போலக் கலங்கி இருக்கும், சில நாள் பால் போலவே இருக்கும். டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு மிக அதிகமாக இருந்தால்தான் அப்படி. ஆனால் கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்கிற எல்டிஎல் 200-ஐத் தாண்டினால்கூட சீரம் தெளிவாகவே நிற்கும். டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் எனக்கே தெரியாது. வலி இல்லை, மயக்கம் இல்லை, மூச்சிரைப்பு இல்லை. உடம்புக்காரருக்கு எப்படித் தெரியும்?

அதனால்தான் பலரும் ரிப்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் வைத்திருந்தார். 52 வயதில் எடுத்த ரிப்போர்ட், எல்டிஎல் 186. டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டு நகலோடு மடித்துக் கிடந்தது. அதை நான் பார்த்தபோது அம்மாவுக்கு 68 வயது, மிளகாய்த்தூள் போட்டோமா இல்லையா என்று அடுப்படியில் நின்று அழ ஆரம்பித்திருந்தார். முதலில் காட்டிய டாக்டர், “வயசானா மறதி சகஜம்மா” என்று அனுப்பிவிட்டார். ஒன்றரை வருடம் கழித்துத்தான் டிமென்ஷியா என்கிற மறதி நோய் என்று தெரிந்தது. அந்த 186-தான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காகிதத்துக்கும் மூளைக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றைக்கு எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

கொலஸ்ட்ரால் என்றால் ஹார்ட் அட்டாக் என்று எல்லோருக்கும் தெரியும். மறதி நோயோடும் அதற்குத் தொடர்பு உண்டு என்பது இப்போதுதான் வெளியே பேசப்படுகிறது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2020-ல் டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கிற, நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் 12 என்று பட்டியல் போட்டது. 2024-ல் இன்னும் இரண்டைச் சேர்த்தது. ஒன்று, நடுவயதில் எல்டிஎல் கூடியிருப்பது. இன்னொன்று, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு. இந்த 14-ஐயும் முழுக்கச் சரிசெய்ய முடிந்தால் உலகத்தில் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. அதில் எல்டிஎல்லின் பங்கு மட்டும் 7 சதவீதம்.

இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்துச் சொன்னவை. நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு மறதி நோய் குறைவாக வருகிறது என்று அவை காட்டுகின்றன. உங்களுக்கு வரவே வராது என்ற உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது. பரம்பரை இருக்கிறது, வயது இருக்கிறது. நம் கையில் இருக்கிற பங்கைச் செய்வோம் என்பதுதான் விஷயம். அதுவும் நடுவயதில், நாற்பதிலும் ஐம்பதிலும், ரிப்போர்ட்டில் முதல் தடவை தடித்த எழுத்து விழுகிற காலத்தில்.

முதல் வேலை: ரிப்போர்ட்டைப் படியுங்கள்

மொத்தக் கொலஸ்ட்ரால் என்று மேலே இருக்கிற எண்ணைப் பார்த்தே எல்லோரும் பயப்படுகிறார்கள், அல்லது நிம்மதி அடைகிறார்கள். அதை விடுங்கள். எல்டிஎல் வரிக்கு வாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 130 முதல் 159 வரை எல்லைக்கோடு. 160-க்கு மேல் அதிகம். 190-ஐத் தொட்டால் அது சாப்பாட்டால் மட்டும் வந்ததாக இருக்காது, குடும்பத்திலேயே ஓடுகிற வகையா என்று டாக்டர் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சோதனை எடுக்க வேண்டும். சுகர் உள்ளவர்கள், ஏற்கெனவே மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர்கள் 100-ஐப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. அவர்களுக்கு 70-க்குக் கீழே, சிலருக்கு 55-க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள்.

உள்ளே இருந்து பார்க்கிறவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நிறைய இடங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, மற்ற மூன்று எண்களை வைத்துக் கணக்குப் போட்டு எழுதுகிறோம். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு சரியாக வராது. அப்படி இருந்தால் “டைரக்ட் எல்டிஎல் எடுங்க” என்று கேளுங்கள். முந்தின இரவு கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் காலையில் கை நீட்டினால் டிரைகிளிசரைடு ஏறித்தான் நிற்கும். அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இரண்டு நாள் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது: மூன்று எண்ணோடு டாக்டரிடம் போங்கள்

எல்டிஎல் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பிபியும், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி-யும் கூடவே வேண்டும். மூளைக்கு இந்த மூன்றும் சேர்ந்துதான் கெடுதல் செய்கின்றன. நம் உடம்பு எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் மூச்சில் வாங்குகிற ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற குழாய்களில் நுனியில் இருப்பவை தலைமுடியைவிட மெல்லியவை. கொழுப்பு படிந்து, பிபி அடித்து, சர்க்கரை அரித்தால் அவை ஒவ்வொன்றாக அடைபடும். பெரிய குழாய் அடைத்தால் பக்கவாதம், வாய் கோணும், எல்லோரும் ஓடி வருவார்கள். சின்னக் குழாய் அடைத்தால் யாருக்கும் தெரியாது. நினைவில் கொஞ்சம், நிதானத்தில் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருக்கும். பிபியின் மேல் எண்ணை நாற்பது வயதிலிருந்தே 130 அல்லது அதற்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது நான் சொன்ன அதே குழு.

தைராய்டுக்கு டிஎஸ்எச் சோதனையும் கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலே எல்டிஎல் ஏறும், மறதியும் வரும். சரியான மாத்திரை ஆரம்பித்தாலே எல்டிஎல் இறங்கியதை எத்தனையோ அக்காமார்களின் ரிப்போர்ட்டில் பார்த்திருக்கிறேன்.

மாத்திரையைப் பற்றி. கொழுப்பைக் குறைக்க அடார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் பதினைந்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். “கொழுப்பைக் கொறச்சா மூளை காஞ்சிடும்மா, மறதி வரும்னு சொல்றாங்க” என்று காசிமேட்டு அண்ணன் ஒருவர் என்னிடமே சொன்னார். மூளைக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை மூளையே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடுகிற கொலஸ்ட்ரால் அதன் உள்ளே போவதில்லை. அதனால் ரத்தத்தில் குறைத்தால் மூளைக்குப் பட்டினி என்பது தப்பு. இந்த மாத்திரை சாப்பிட்டால் டிமென்ஷியா வரும் என்றும் ஆய்வுகள் காட்டவில்லை. தசைவலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டையும் பழக்கத்தையும் மாற்றினால் எல்டிஎல் ஓரளவு இறங்கும். இந்த மாத்திரைகள் அளவைப் பொறுத்து 30 முதல் 50 சதவீதம் வரை இறக்கும். ஆனால் மாத்திரை நடக்க வைக்காது, காதைக் கேட்க வைக்காது, பீடியை அணைக்காது. ஒன்றைச் செய்கிறேன் என்று இன்னொன்றை விடாதீர்கள்.

பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசில்லை என்று ஒதுங்க வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. வட்டத்துக்கு வட்டம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வருகிற அக்காவிடம் கொலஸ்ட்ரால் பற்றியும் கேளுங்கள், எங்கே போக வேண்டும் என்று சொல்வார்.

மூன்றாவது: அடுப்படி

இதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக்கு ஏற்ற மாதிரி யாரும் சொல்வதில்லை. ஆலிவ் ஆயில், ஓட்ஸ், அவகாடோ என்று எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் நமக்கில்ல கண்ணு” என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட மீன்கார அம்மாவின் முகம் எனக்கு மறக்காது. அவர் கூடையில் இருந்தது என்ன தெரியுமா? மத்தியும் நெத்திலியும் கானாங்கத்தையும். இதயத்துக்கும் மூளைக்கும் நல்லது என்று உலகமே சொல்கிற ஒமேகா 3 கொழுப்பு நிறைந்த மீன்கள், அதுவும் வஞ்சிரத்தைவிட எவ்வளவோ மலிவாக. வாரத்துக்கு இரண்டு நாள் அவற்றைக் குழம்பாக வையுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் அந்த நன்மையைப் பாதி எண்ணெயே தின்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறும். அப்போது கருவாட்டுக்குத் தாவாதீர்கள், அதில் இருக்கிற உப்பு பிபியை ஏற்றும். அந்த இரண்டு மாதமும் காராமணி, மொச்சை, கொண்டைக்கடலை என்று பயறுக்கு மாறிக்கொள்ளலாம். பயறில் இருக்கிற கரையும் நார்ச்சத்து குடலிலேயே கொழுப்பைப் பிடித்து வெளியே தள்ளுகிறது.

எறா, கடம்பா என்கிற கணவாய் சாப்பிடலாமா என்று தினமும் ஒருவராவது கேட்கிறார். அவற்றில் கொலஸ்ட்ரால் உண்டு, ஆனால் எல்டிஎல்லை ஏற்றுகிற நிறைவுற்ற கொழுப்பு குறைவு. எப்போதாவது தொக்காகச் சாப்பிடலாம். கவனிக்க வேண்டியது ஆட்டுக் கொழுப்பும், மாட்டுக்கறியில் வெள்ளையாக ஒட்டியிருக்கிற பகுதியும், குடல், மூளை போன்ற உள்ளுறுப்புகளும்தான். புளியந்தோப்பில் மாட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டு வளர்ந்தவர்களிடம் அதை அடியோடு விடு என்று சொன்னால் நடக்காது, சொல்லவும் எனக்கு மனசில்லை. கறி வாங்கும்போது கொழுப்பை அரிந்து எடுக்கச் சொல்லுங்கள். வாரத்தில் மூன்று நாள் சாப்பிட்டதை ஒரு நாளாக்குங்கள், தட்டில் கறியைவிடக் காய் அதிகம் இருக்கட்டும்.

இனி எண்ணெய். ரேஷனில் கிடைக்கிற பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. முடிந்தவர்கள் மாறிக்கொள்ளுங்கள். 25 ரூபாய் பாக்கெட்டை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது என்றால் அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை, அளவைக் குறைத்தாலே பெரிய வேலை முடிந்தது. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு மூன்று, நான்கு தேக்கரண்டி. நாலு பேர் வீட்டுக்கு மாதம் இரண்டு லிட்டர், தாராளமாக இரண்டரை. மாதம் ஒன்றாம் தேதி இரண்டு லிட்டரைத் தனியாக ஒரு கேனில் ஊற்றி வையுங்கள், எந்தத் தேதியில் தீர்கிறது என்று காலண்டரில் குறியுங்கள். முதல் மாதம் பெரும்பாலானவர்களுக்குப் பதினைந்தாம் தேதியே தீர்ந்துவிடும். திட்டுவதற்காக அல்ல, எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இது. வடை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதையும் வனஸ்பதியையும் விட்டுவிடுங்கள். சாயங்காலம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுகிறவர்கள் எண்ணெயில் பொரித்த பேஜோவை மேலே அள்ளிப் போடாமல் கேளுங்கள், கோஸும் வெங்காயமும் கூடக் கேளுங்கள்.

வெயில் காலத்தில் தெருமுனைக் கேழ்வரகுக் கூழ் நல்ல சாப்பாடுதான், அதற்குத் தொட்டுக்கொள்கிற மோர்மிளகாயிலும் கருவாட்டிலும்தான் உப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வெள்ளைச் சோறு மலையாகக் குவிந்தால் டிரைகிளிசரைடு ஏறும், நல்ல கொழுப்பான எச்டிஎல் இறங்கும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் கீரையை வையுங்கள்.

நான்காவது: நடை

நடந்தால் எல்டிஎல் பெரிதாக இறங்காது. மூன்று மாதம் நடந்துவிட்டு வந்து ரிப்போர்ட்டைப் பார்த்து, “ஒண்ணும் கொறையலையே” என்று சோர்ந்து போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நடை பிபியை இறக்கும், சர்க்கரையை இறக்கும், தூக்கத்தைக் கொடுக்கும், மூளைக்கு ரத்தம் போகிற வழியைப் பேணும். எல்டிஎல் அசையாவிட்டாலும் நடையை நிறுத்தாதீர்கள்.

வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949-ல் கொட்டுகிற மழையில் திமுக தொடக்கக் கூட்டம் நடந்த அதே இடம். பெரம்பூர்க்காரர்களுக்கு முரசொலி மாறன் பூங்கா. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நேரத்தில் அந்த ஓரமாக நடக்காதீர்கள். அந்தப் புகையிலிருக்கிற நுண்துகளும், காற்று மாசு என்ற பெயரில், நான் சொன்ன 14-இல் ஒன்று. எங்கள் பகுதிக்காரர்கள் இதில் தனியாளாகச் செய்யக்கூடியது கொஞ்சம்தான், மீதியை அரசுதான் செய்ய வேண்டும். உள் தெருவிலோ, இடமில்லை என்றால் மொட்டை மாடியிலோ நடங்கள். முட்டி வலிக்காரர்கள் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்துத் தடவையாகச் செய்யுங்கள், கால் தசைக்கு நல்லது.

ஐந்தாவது: காதும் கூட்டாளிகளும்

இதை ஏன் கொலஸ்ட்ரால் கட்டுரையில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். அந்த 14 காரணங்களில் எல்டிஎல்லுக்குச் சமமாக, அதே 7 சதவீதத்தோடு நிற்பது காது கேளாமை. துறைமுகத்திலும் லேத் பட்டறையிலும் படகு இன்ஜின் பக்கத்திலும் முப்பது வருடம் வேலை பார்த்த ஆண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிற ஊர் இது. “நைனாவுக்குக் காது மந்தம்” என்று சொல்லி டிவி சத்தத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறோம். கேட்காதவர் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார், கலந்துகொள்ளாதவர் ஒதுங்கிப் போவார், ஒதுங்கிய மூளை வேலையில்லாமல் மங்கும். அரசு ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கும் திறன் சோதனை செய்கிறார்கள். கொழுப்பு, பிபி, சுகர் உள்ளவருக்குக் காதும் மந்தம் என்றால் இந்த மாதமே கூட்டிப் போங்கள். கண்புரையையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

ஆளோடு இருங்கள். தெருமுனை கேரம் போர்டு மன்றம் வெட்டிப்பொழுது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான். கண், கை, கணக்கு, பேச்சு, எதிராளி என்று எல்லாம் ஒரே பலகையில் இருக்கிறது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் தங்கம் வென்ற காசிமா இந்த வட சென்னைப் பெண்தான். அறுபது வயது அண்ணன்மார் தயங்காமல் போய் உட்காரலாம். பெண்களுக்கு மகளிர் குழு, கோயில், தேவாலயம், தர்கா, திண்ணை எதுவானாலும் சரி.

எல்லாவற்றையும் ஏன் ஒன்றாகச் செய்யச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,260 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிபி-கொலஸ்ட்ரால் கண்காணிப்பு நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இரண்டு வருடம் கழித்து, 2015-ல் வெளியான முடிவில், முதல் குழுவின் சிந்தனைத் திறன் மேலாக இருந்தது.

பீடி, சிகரெட், மாவா மூன்றையும் விட்டே ஆக வேண்டும், இதில் பேரம் கிடையாது. குடி டிரைகிளிசரைடையும் பிபியையும் ஏற்றும். இரவு ஷிப்ட் போகிறவர்கள் பகலில் அறையை இருட்டாக்கி ஒரே மூச்சில் தூங்கப் பாருங்கள்.

மறதி எப்போது மருத்துவரிடம் போக வேண்டிய மறதி?

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ளது. முப்பது வருடம் போய்வந்த மின்ட் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது அப்படியல்ல. ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நாலு தடவை கேட்பது, சில்லறைக் கணக்கு தப்புவது, கை பழகிய குழம்பில் எது முதல், எது பிறகு என்று குழம்புவது, அமைதியானவர் திடீரென்று சந்தேகப்படுவது, இவற்றில் எது வந்தாலும் வயசு என்று யார் சொன்னாலும் நம்பி உட்காராதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு போன்றவற்றால் வருகிற மறதி சரியாகக்கூடியது, அதனால் சீக்கிரம் போவதில் லாபம் உண்டு. ஸ்டான்லியில் நரம்பியல், மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று புரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரை ஆரம்பித்தவர்கள் ஒரு மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரை இல்லாமல் சாப்பாட்டை மட்டும் மாற்றியவர்களும் மூன்று மாதத்தில் வாருங்கள். வரும்போது பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு வாருங்கள், எத்தனை வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும் சரி. இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் படித்துச் சொல்கிறேன். காலை ஆறரைக்கெல்லாம் திறந்துவிடுவோம்.